எந்த நூலை நம்பிப் பிள்ளை வளர்ப்பது?

ஒரு முழத் துணி வாங்குவதற்கு நான்கு கடை ஏறி இறங்குகின்றோம். சாயம் போகுமா, இழை பிரியுமா என்று விரலால் தேய்த்துப் பார்க்கின்றோம். மண்சட்டி வாங்கும் கிழவி அதனைச் சுண்டி ஓசை கேட்ட பின்னரே முந்தானை முடிச்சை அவிழ்க்கின்றாள். ஆனால், பிறந்து மூன்று நாளே ஆன பச்சைக் குழவியை எப்படிக் கிடத்துவது, எதை ஊட்டுவது, எந்தக் காய்ச்சலுக்கு அஞ்சுவது என்று கூறும் நூல் ஒன்றை வாங்கும்பொழுது மட்டும், அட்டையில் சிரிக்கும் கொழுகொழுத்த பிள்ளையின் படத்தில் மயங்கிவிடுகின்றோம். எழுதியவர் யார், எந்த ஆண்டு எழுதினார், எச்சான்றைக் கொண்டு எழுதினார் என்று ஒரு வினாவும் எழுப்புவதில்லை. வளைகாப்பிற்கும் பெயர்சூட்டு விழாவிற்கும் நூல் பரிசளிக்கும் நல்வழக்கம் நம் அன்பர்களிடை உண்டு. அவ்வாறு பரிசளிப்போர்க்காகவும், பரிசு பெற்றதைப் படித்து அதன்படி ஒழுகப் போகும் இளந்தாய்க்காகவும் இதனை எழுதுகின்றோம்.

நூல் தவறினால் என்ன கேடு வந்துவிடும் என்று சிலர் எண்ணக்கூடும். நடந்த கதையைக் கூறுவாம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலை நாடுகளில் பிள்ளை வளர்ப்பு நூல்கள் தாய்மாரை ஏறத்தாழப் படைவீரரைப்போல் நடத்தின. நியூசிலாந்தின் திரூபி கிங் என்னும் மருத்துவர் 1907-இல் ஒரு கழகம் நிறுவி, கடிகாரத்தைப் பார்த்து நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறையே பாலூட்ட வேண்டும் என்னும் கொள்கையைப் பரப்பினார். இரவில் குழவி அழுதாலும் தாய் எழுதல் ஆகாது. அமெரிக்க உளவியலார் சான் வாட்சன் 1928-இல் வெளியிட்ட நூலில் இன்னும் ஒருபடி மேலே சென்றார். பிள்ளையைத் தழுவுதல் வேண்டா, முத்தமிடுதல் வேண்டா, காலையில் கைகுலுக்கினால் போதும் என்பது அவர் அறிவுரை! அறிவியலின் பெயரால் கூறப்பட்டமையால் படித்த தாய்மார் பலர் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு அவ்வாறே செய்தனர்.

இந்த இறுக்கத்தை உடைத்தவர் என்று புகழ்பெற்றவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் இசுப்பாக்கு. 1946-இல் வெளிவந்த அவர் நூல், தாய் தன் உள்ளுணர்வை நம்பலாம், பிள்ளையைக் கொஞ்சலாம், பசித்தபொழுது பாலூட்டலாம் என்று கூறிற்று. தாய்மார் மனங்குளிர்ந்தனர். 1998-இல் அவர் மறைந்தபொழுது அந்நூல் ஐந்து கோடிப் படிகளுக்குக் குறையாமல் விற்றிருந்தது. பல பத்து மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் சென்றிருந்தது. நல்லுள்ளம் படைத்தவர், கற்றவர், பணத்திற்காகப் பொய் கூறாதவர். ஆயினும், 1950-களின் பிற்பகுதிப் பதிப்புகளில் அவர் ஓர் அறிவுரையைச் சேர்த்தார். குழவியை மல்லாக்கக் கிடத்தினால் கக்கிய பால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், ஆகலின் குப்புறக் கிடத்தியே உறங்கவிடுங்கள் என்பது அது. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கின்றது. ஆனால் அஃது ஒரு கருத்து மட்டுமே. யாரும் ஆய்ந்து கண்ட உண்மையன்று. அவர் கூறியதை மற்ற நூல்களும் கூறின. மருத்துவமனைகளும் செவிலியரும் கூறினர்.

நலமாக உறங்கப்போன குழவி காலையில் உயிரற்றுக் கிடக்கும் தொட்டில் இறப்பு என்னும் கொடுமை அந்நாடுகளில் வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. குப்புறக் கிடத்திய பிள்ளைகளே மிகுதியாக இறக்கின்றனர் என்பதற்கான சான்றுகள் 1970 அளவிலேயே ஆய்விதழ்களில் கிடந்தன. கிடந்தனவே தவிர, அவற்றை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தவர் இலர். பின்னர் உண்மை தெளிந்து, நெதர்லாந்தில் 1980-களின் இறுதியிலும், பிரித்தானியாவில் 1991-இலும், அமெரிக்காவில் 1992-க்குப் பின்னும் மல்லாக்கக் கிடத்துங்கள் என்று அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே தொட்டில் இறப்புகள் பாதியளவிற்குச் சரிந்தன. 2005-இல் பிரித்தானிய ஆய்வாளர் சிலர், 1940 முதல் வெளிவந்த பிள்ளை வளர்ப்பு நூல்களையும் ஆய்வுகளையும் அருகருகே வைத்துக் கணக்கிட்டனர். 1970-லேயே சான்றுகளைத் திரட்டியிருந்தால் பிரித்தானியாவில் மட்டும் பதினாயிரத்திற்கு மேற்பட்ட குழவிகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய பகுதிகளில் ஐம்பதினாயிரத்திற்குக் குறையாத குழவிகளும் இறவாமல் காக்கப்பட்டிருக்கக்கூடும் என்பது அவர் முடிவு.

ஐம்பதினாயிரம்! ஒரு நூலின் ஒரு பத்தி. கூறியவர் கொடியவர் அல்லர். விற்பனையோ உலகில் முதலிடம். ஆசிரியரின் புகழும், நன்மனமும், பதிப்பின் எண்ணிக்கையும் ஒரு நூலுக்குச் சான்றாகிவிடா என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட முடியாது.

இதனைப் படித்தவுடன் நம்மவருள் சிலர் கைகொட்டி மகிழ்வர். “பார்த்தீரா, மேலையார் நூல் பொய்த்தது, எம் பாட்டி பிள்ளையை மல்லாக்கத்தானே கிடத்தினாள்!” என்பர். உண்மைதான், கிடத்தினாள். ஈராண்டு பாலூட்டினாள். தோளிலும் இடுப்பிலும் சுமந்தாள். தாலாட்டுப் பாடினாள். இவை யாவும் சரியே என்று இற்றை ஆய்வும் கூறுகின்றது. பெருமை கொள்வோம்; தவறில்லை. ஆனால் அதே பாட்டி வேறு என்னென்ன செய்தாள் என்பதையும் மறைக்காமல் எண்ணிப் பார்த்தல் வேண்டும் அன்றோ?

பிள்ளை பிறந்தவுடன் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்டபால் என்று பீய்ச்சிக் கொட்டச் சொன்னாள். நோயைத் தடுக்கும் ஆற்றல் நிறைந்து, பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பிள்ளையின் வாயில் சேர வேண்டிய பால் அது. அதற்கு மாறாகச் சேனை என்று சருக்கரை நீரையும் தேனையும் நாவில் தடவினாள். ஓராண்டு நிறையாத பிள்ளைக்குத் தேன் ஆகாது என்பதும், தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி குழவியின் குடலில் வளர்ந்து நஞ்சு சுரந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் என்பதும் 1976-க்குப் பின்னரே உலகிற்குத் தெரியவந்தன. நீராட்டும்பொழுது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினாள். அவ்வெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். வசம்பும் சாதிக்காயும் கடுக்காயும் கல்லில் உரைத்து நாள்தோறும் உரைமருந்து புகட்டினாள். அவ்வசம்பில் உள்ள ஒரு பொருள் ஆய்வு விலங்குகளில் புற்றை விளைத்தமையால் 1968-லேயே அமெரிக்க அரசு அதனை உணவிற் சேர்க்கத் தடைவிதித்துவிட்டது. வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு நீர் கொடுத்தால் மேலும் போகும் என்று நீரை நிறுத்தினாள். இஃது ஒன்றே எத்தனை உயிர்களைக் குடித்திருக்கும்! நாக்கு வறண்டு, கண் குழிந்து, உச்சிக்குழி உள்வாங்கி அப்பிள்ளைகள் மாண்டதெல்லாம் நோயால் அன்று, நீரின்மையால்.

1971-இல் வங்கப் போரின்போது எல்லையில் உள்ள பன்காவுன் முகாமில், ஊசிவழி ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலானபிசு உப்பும் சருக்கரையும் கலந்த நீரைக் கலங்களில் நிறைத்துக் கொடுத்து, ஏதிலியரின் உறவினரையே நோயாளிக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த வாந்திபேதி இறப்பு நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கிற்று. அந்த எளிய நீர்தான் இன்று ஒவ்வொரு நல்ல நூலிலும் இருக்க வேண்டிய முதற்பாடம்.

பாட்டியைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவள் அறிந்ததை அன்போடு செய்தாள். இசுப்பாக்கும் அவ்வாறே செய்தார். பழமை என்பதற்காக ஏற்பதும், மேலைநாட்டு அச்சு என்பதற்காக ஏற்பதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். சித்த மருத்துவத்தில் பாலவாகடம் என்று குழவி மருத்துவத்திற்கெனவே ஒரு துறை உண்டு. அது முறையாகக் கற்ற சித்த மருத்துவர் கையில் இருக்க வேண்டியது. அதன் பெயரை அட்டையில் போட்டு, பேருந்து நிலையத்தில் பத்துக்கும் இருபதுக்கும் விற்கும் சுவடிகளைப் பார்த்து வீட்டில் உரைத்துக் கொடுப்பது முற்றிலும் வேறு. அவ்வாறே, நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் செங்கீரை, சப்பாணி, வாரானை என்று குழவியின் வளர்ச்சிப் படிகளை நிரல்பட வகுத்தனர். கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுதல், கைகொட்டுதல், தளர்நடையிட்டு வருதல் என்னும் அவ்வரிசை கண்ணாரக் கண்டு வகுத்தது என்பதில் ஐயமில்லை. எண்ணுந்தோறும் இன்பம் பயப்பது. ஆனால் அது பாட்டுடைத் தலைவனைப் பாடும் இலக்கியம். அதனைக் கையில் வைத்துக்கொண்டு உன் பிள்ளை ஏன் இன்னும் சப்பாணி கொட்டவில்லை என்று மருமகளை மிரட்டுதல் ஆகாது!

இனி, நூலுக்குப் பின்னால் நிற்கும் பணத்தைப் பார்ப்போம். பிள்ளை வளர்ப்பு நூல்களை இலவயமாக அள்ளித் தந்தவர்களுள் பால்மாக் குழுமத்தார் முதன்மையானவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தானியாவில் கிளாக்சோ என்னும் பால்மாவை விற்றவர்கள் அப்பெயரிலேயே ஒரு குழந்தை நூல் வெளியிட்டனர். நீராட்டுதல், உறங்க வைத்தல், பல் முளைத்தல் என்று எல்லாம் நன்றாகவே இருக்கும். பாலூட்டும் பகுதி வந்தவுடன் தாய்ப்பால் சிறந்தது என்று ஒரு வரி எழுதி, போதாவிட்டால் என்று பத்து வரி எழுதுவது இவ்வகை நூல்களின் நடை. அந்தப் ‘போதாவிட்டால்’ என்னும் சொல்லில்தான் வணிகம் முழுவதும் அடங்கிக் கிடந்தது. 1939-இல் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்சு, ஏழைத் தாய்மாரிடம் டப்பாப்பாலைத் திணிப்பதைக் கொலை என்றே மேடையேறி உரைத்தார். தூயநீர் கிடையாத குடிசையில், நீர்க்கக் கரைத்த மாப்பாலைக் கழுவாத புட்டியில் குடித்துப் பிள்ளைகள் இறந்ததைத் தம் கண்ணால் கண்டவர் அவர். உலக நலவாழ்வுப் பேரவை 1981-இல்தான் இவ்விற்பனைக்கு வரைமுறை வகுத்தது. அதனை ஆதரித்து 118 நாடுகள் வாக்களித்தன; எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. இந்தியாவில் 1992-இல் சட்டம் இயற்றப்பட்டு, 2003-இல் மேலும் இறுக்கப்பட்டது. ஈராண்டிற்குட்பட்ட பிள்ளைகளுக்கான மாப்பால், புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்வது இங்குக் குற்றம். ஆகவே, உங்கள் கைக்கு ஓர் இலவய நூல் வருமாயின், கடைசிப் பக்கத்தைத் திருப்பி அச்சிட்ட செலவு யாருடையது என்று முதலில் பாருங்கள். மாப்பால் விற்போர் மட்டுமல்லர். எண்ணெய், பொடி, ஊட்டச்சத்து மாவு விற்போரும் நூல் எழுதுகின்றனர். அறிவாளிப் பிள்ளை பெறுவது எப்படி என்று தலைப்பிட்ட நூலைத் தொடவே வேண்டா. அதனை எழுதியவர்க்குத் தம் பிழைப்பைப் பற்றிய அறிவு மட்டும் நிரம்ப உண்டு.

இவ்வளவும் கூறிய பின், நம் இதழன்பர்க்கு மிகவும் நெருக்கமான செய்திக்கு வருகின்றோம். அது மொழி. பிள்ளை வளர்ப்பு நூல் தமிழில் இருத்தல் வேண்டும் என்று நாம் கூறுவது வெறும் பற்றினால் அன்று. நள்ளிரவில் பிள்ளைக்கு நெருப்பாய்க் காய்கின்றது. கணவன் வெளியூரில். கையில் நூல் இருக்கின்றது. அப்பொழுது அந்தத் தாய் ஒரு வரியை இருமுறை படித்துப் பொருள் தேட வேண்டிய நிலை இருக்கக்கூடாது. தன் தாயோடு பேசும் மொழியிலேயே அது அவளோடு பேச வேண்டும். ஆனால், தமிழில் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது என்பதே எம் விடை. பிறமொழி நூலைப் பிள்ளை வளர்த்தறியாத ஒருவர் அகராதியை வைத்துக்கொண்டு பெயர்த்தால் என்ன விளையும் என்பதற்குச் சில காட்டுவாம்.

வளையத்தின் நடுவே பிள்ளையை உட்காரவைத்து, உருளைகளில் ஓடவிடும் ஒரு கருவி இருக்கின்றது. படியில் உருண்டும், அடுப்பை எட்டியும் பிள்ளைகள் காயமுறுவதால் கனடா நாடு 2004-இல் அதன் விற்பனையையே தடைசெய்துவிட்டது. ஆங்கில நூல்கள் அதனைக் கண்டிக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் அதற்கு ‘நடைவண்டி’ என்று எழுதிவிடுகின்றார்! நம் தச்சர் செய்யும் மூன்று உருளை நடைவண்டியோ பிள்ளை தானே எழுந்து நின்று பின்னாலிருந்து தள்ளிப் பழகுவது. முற்றிலும் வேறான பொருள். படித்த தாய் நல்ல மரவண்டியைப் பரணில் போட்டுவிட்டுப் பிளாத்திக்கு வளையத்தை வாங்கி வருகின்றாள். ஏனெனில் அதற்குக் கடைக்காரர் வேறு பெயர் சொல்கின்றார்.

ஆறு திங்கள் நிறைந்தபின் ‘திட உணவு’ தொடங்குக என்று எழுதுகின்றனர். திடம் என்றால் கெட்டியானது என்பது நாட்டார் பொருள். முறுக்கையும் கடலையையும் கையில் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளாதோ? குழையப் பிசைந்த சோறு, மசித்த பருப்பு, மசித்த வாழைப்பழம் என்று எழுதுவதற்கு என்ன தடை? தமிழில் ‘குழைவுணவு’ என்றொரு சொல் போதுமே.

எல்லாவற்றினும் கொடியது கரண்டி. ஓர் இலிட்டர் தூய நீரில் அரைத் தேக்கரண்டி உப்பும், ஆறு தேக்கரண்டி சருக்கரையும், தலைதட்டி அளந்து கலக்க வேண்டும் என்பது வயிற்றுப்போக்கிற்கான வீட்டு நீரின் அளவு. தேக்கரண்டி என்பது ஐந்து மில்லி இலிட்டர் கொள்ளும் சிறு கரண்டி. இதனை வெறும் ‘கரண்டி’ என்று அச்சிட்டுவிட்டால், குழம்பு ஊற்றும் கரண்டியைத்தானே தாய் எடுப்பாள்? உப்பு மிகுந்த நீர் குழவியின் மூளையையே தாக்கும். காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமாலும் அப்படியே. சொட்டு மருந்தாகவும் வருகின்றது, பாகு மருந்தாகவும் வருகின்றது. ஒரே அளவு நீர்மத்தில் சொட்டு மருந்தின் செறிவு பன்மடங்கு. பிள்ளையின் எடையையும், புட்டியில் அச்சிட்ட செறிவையும் பார்க்கச் சொல்லாமல் ‘ஒரு கரண்டி கொடுக்க’ என்று எழுதும் நூல் எந்த மொழியில் இருந்தாலும் அடுப்பிற்கே ஆகும்.

நம்மவர்க்கும் ஒன்று கூறல் வேண்டும். தூயதமிழில் எழுதுவோம், அதில் மாற்றமில்லை. ஆனால் உயிர்காக்கும் வரியில் சொல்விளையாட்டு வேண்டா. நாம் மணித்துளி என்போம். தாய் நிமிடம் என்பாள். அதனைப் படிப்பவள் நொடி என்று கொண்டால் மூச்சுக் கணக்கு முழுதும் பிழைபட்டுப்போம். ஆகவே இத்தகைய இடங்களில், அறுபது நொடி கொண்ட ஒரு மணித்துளி என்று ஒருமுறையேனும் விளக்கிவிட்டு மேற்செல்லல் வேண்டும். இது கொள்கைத் தளர்வு அன்று, கற்பிக்கும் முறை.

மொழிபெயர்ப்பு நூல்களின் இன்னொரு குறை, தாய் பேசும் நோய்ச்சொற்களை அவை அறியாமை. மாந்தம், உரம் விழுதல், உச்சிக்குழி விழுதல், தொக்கம் என்னும் இச்சொற்களோடுதான் தாய் அஞ்சி எழுகின்றாள். மேலை நூலின் பெயர்ப்பில் இவற்றுள் ஒன்றும் இராது. நாட்டுச் சுவடியிலோ இவை மட்டுமே இருக்கும். தொக்கம் எடுப்பவரிடம் போ என்று எழுதியிருக்கும். நமக்கு வேண்டியது இரண்டும் அறிந்த நூல். உச்சிக்குழி விழுந்தால் அது பெரும்பாலும் உடலில் நீர் வற்றியதன் அடையாளம். உச்சியில் பற்றுப்போடுவதால் பயனில்லை, நீர் புகட்டிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடு என்று கூறும் நூல். தொக்கம் என்று எண்ணித் தொண்டையில் விரல் விட்டும், குழல் வைத்து உறிஞ்சியும் பிள்ளையைப் புண்படுத்தாதே என்று அவள் சொல்லையே எடுத்து அவளுக்கு விளக்கும் நூல்.

இவ்வாறு எழுத முடியுமா என்பார்க்கு ஒரு சான்று. தாவீது வெர்னர் என்பார் மெக்சிக்கோவின் மலையூர் மக்களுக்காக, மருத்துவர் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று ஒரு நூல் எழுதினார். அஃது ஆங்கிலத்தில் முதலில் எழுதப்படவில்லை. அம்மக்கள் பேசும் இசுப்பானிய மொழியில், அவர்கள் நோய்களுக்கு இட்ட பெயர்களையே எடுத்தாண்டு 1973-இல் வெளிவந்தது. ஆங்கிலப் பதிப்பு 1977-இல் பின்னால் வந்தது. எவரும் தம் நாட்டிற்கேற்ப மாற்றி எழுதிக்கொள்ளலாம், ஈட்டம் கருதாமல் வெளியிடுவோர்க்கு இசைவே வேண்டா என்று அதில் அச்சிட்டும் வைத்தார். இன்னொரு சான்று நமக்கு அணிமையிலேயே இருக்கின்றது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1850-களிலேயே அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் கற்று, மகப்பேற்று மருத்துவம் உள்ளிட்ட மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். பின்னர்த் தமிழிலேயே பாடம் நடத்தி மருத்துவர்களை உருவாக்கினார். அவர் தமிழில் வடசொல் மிகுதி. அது வேறு வழக்கு. வந்தேறிய ஒருவரால் அன்று முடிந்தது, தமிழகத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் தேர்ந்து வரும் மருத்துவர்களால் இன்று ஏன் முடியாது? குழந்தை மருத்துவர் ஒருவர், முதிய செவிலி ஒருவர், தமிழறிஞர் ஒருவர் மூவரும் ஒன்றாக அமர்ந்தால் முடியும். மூன்றாண்டிற்கு ஒருமுறை மீண்டும் அமர்ந்து திருத்தவும் வேண்டும்.

திருத்தம் என்றவுடன், இன்று ஒன்று சொல்லி நாளை ஒன்று சொல்பவரை எப்படி நம்புவது என்று சிலர் ஏளனம் செய்வர். நிலக்கடலையை மூன்று அகவைவரை கொடுக்காதே என்று ஒவ்வாமைக் குடும்பத்தார்க்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000-இல் கூறிற்று. சான்றில்லை என்று 2008-இல் அதனைக் கைவிட்டது. 2015-இல் வந்த ஆய்வோ, ஓராண்டிற்குள்ளேயே அரைத்த வடிவில் தொடங்குவதே ஒவ்வாமையைக் குறைக்கும் என்று காட்டிற்று. இப்படித் தன் கூற்றைத் தானே வெளிப்படையாக மாற்றிக்கொள்ளும் நூலே நம்பத்தக்கது. முப்பதாவது பதிப்பிலும் ஒரு வரி மாறாத நூல், முப்பது முறை அச்சிடப்பட்டதே தவிர ஒருமுறையும் படித்துப் பார்க்கப்படாதது.

கடையில் நின்றபடியே நூலைச் சோதிக்கலாம். உறங்கவைக்கும் பகுதியைத் திருப்புங்கள். மல்லாக்கக் கிடத்துக என்று ஐயமின்றி இருக்கின்றதா? பாலூட்டும் பகுதியில், ஆறு திங்கள்வரை தாய்ப்பால் மட்டுமே, கோடையிலும் தனியே நீர் வேண்டா என்று இருக்க வேண்டும். உலக நலவாழ்வுப் பேரவை 2001-இல் உறுதிசெய்தது இது. நான்காம் திங்களில் கூழ் என்று எழுதியிருந்தால் அது பழைய நூல். பிள்ளைக் காய்ச்சலுக்கு ஆசுபிரின் என்றிருந்தால் இன்னும் பழையது. 1980-களிலேயே அது விலக்கப்பட்டுவிட்டது. பின்னர்க் காய்ச்சல் பகுதிக்கு வாருங்கள். இரண்டு திங்கள் நிறையாத குழவிக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டு மருந்து எதுவும் வேண்டா, உடனே மருத்துவமனை என்று தடித்த எழுத்தில் இருத்தல் வேண்டும். சளியைப் பற்றிய பக்கத்தில் மூச்சுக் கணக்கைத் தேடுங்கள். ஒரு மணித்துளிக்கு, இரண்டு திங்களுக்குட்பட்ட குழவி அறுபது முறையோ அதற்கு மேலோ, ஓராண்டிற்குட்பட்ட பிள்ளை ஐம்பது முறையோ அதற்கு மேலோ, ஐந்தாண்டிற்குட்பட்ட பிள்ளை நாற்பது முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் அது வெறும் சளியன்று, நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். இவ்வெண்கள் ஊர்ப்புறச் செவிலியர்க்கும் கற்பிக்கப்படுகின்றன. பால் குடிக்க மறுத்தல், குடித்ததெல்லாம் கக்குதல், இசிவு, எழுப்பினும் எழாத மயக்கம் இவையும் அங்கே இருத்தல் வேண்டும். எப்பொழுது நூலை மூடிவைத்துவிட்டு ஓட வேண்டும் என்று கூறாத நூல் தன்னையே மருத்துவராக எண்ணிக்கொண்ட நூல்.

இத்தகைய முழுமையான தமிழ் நூல் கைக்கு வரும்வரை, இருப்பதைக் குறைத்து எண்ணவும் வேண்டா. அரசு நலவாழ்வு நிலையத்தில் பதிவு செய்யும் கருவுற்ற தாய்க்குத் தாய் சேய் நல அட்டை ஒன்று காசில்லாமல் தரப்படுகின்றது. தமிழிலேயே இருக்கின்றது. தடுப்பூசி நாள்கள், வளர்ச்சிப் படிகள், அஞ்சத்தக்க அறிகுறிகள், எடை குறிக்கும் வளைகோடு யாவும் அதில் உண்டு. வழவழப்பான அட்டையில்லாமையால் பலர் அதனை ஊசிச் சீட்டு என்று எண்ணி, போட்ட ஊசிக்குக் குறி வாங்கியதும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர்.

அதிலுள்ள எடை வளைகோட்டைப் பற்றி ஒன்று கூற வேண்டும். 1977-இல் வகுக்கப்பட்டு உலகெங்கும் பயன்பட்ட பழைய அளவுக்கோடு அமெரிக்கப் பிள்ளைகளை, அதுவும் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த பிள்ளைகளை, அளந்து வரைந்தது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை முதல் சில திங்கள் விரைந்து வளர்ந்து பின்னர்ச் சற்று மெல்ல எடை ஏறும். அஃது இயல்பு. ஆனால் அந்தப் பழைய கோட்டின்மேல் வைத்துப் பார்த்தால் நலமான பிள்ளையும் நலிந்ததாகத் தோன்றும். பால் போதவில்லை போலும் என்று தாய் கலங்குவாள். டப்பாப்பால் வீட்டிற்குள் நுழையும். எத்தனை ஆண்டுகள் இந்தக் கோடு பால்மாக் குழுமத்தார்க்கு ஊதியமில்லா முகவராக உழைத்தது! பின்னர், இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த நலமான பிள்ளைகளை அளந்து, 2006-இல் உலக நலவாழ்வு நிறுவனம் புதிய வளைகோட்டை வெளியிட்டது. நல்ல பாலும் நல்ல சூழலும் கிடைத்தால் இந்த ஆறு நாட்டுப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரேயளவாக வளர்கின்றனர் என்பதும் அப்பொழுது தெரிந்தது. வாங்கப்போகும் நூலின் பின்பகுதியில் எடைக்கோடு அச்சிடப்பட்டிருந்தால் அதன் அடியில் எந்த ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். 2006-க்கு முந்தியதாயின், எடுத்த அடுக்கிலேயே நூலை வைத்துவிட்டு, வீட்டுப் பெட்டியில் பூட்டிய அந்த அட்டையை எடுத்து விரியுங்கள்.